கிரியோல் என்றால் யார்? ரீயூனியன் மச்சான் சொல்வதும் எங்கள் ஊர் வழக்கும் ஏன் ஒத்துப்போகவில்லை?

ரோஸ்ஹில் வாத்தியார்:

மொரீஷியஸில் ஒரு கோயில் மண்டபத்தில் சாயங்காலத் தமிழ் வகுப்பு எடுக்கிறேன். பிள்ளைகளுக்காக நம் தீவைப் பற்றி எளிய தமிழில் இரண்டு பக்கம் எழுதிக்கொண்டிருக்கிறேன். யார் யார் எங்கிருந்து வந்தார்கள், என்ன பேசினார்கள், என்ன சாப்பிட்டார்கள், அவ்வளவுதான், பெரிய ஆராய்ச்சி ஒன்றும் இல்லை. பிரெஞ்சுக்காரர்கள், புதுச்சேரியிலிருந்து வந்த கொத்தனார்கள், தச்சர்கள், அப்புறம் ஒப்பந்தக் கூலிகள், சீனக் கடைக்காரர்கள் என்று வரிசையாக எழுதி வந்து 'கிரியோல்' என்ற இடத்தில் மாட்டிக்கொண்டேன்.

என் தங்கையைக் கட்டியவர் பக்கத்துப் பிரெஞ்சுத் தீவான ரீயூனியன்காரர், அங்கே சாந்தாந்திரே ஊர்ப் பக்கம். காவடி எடுப்பார், தீ மிதிப்பார், நெற்றியில் விபூதி இல்லாமல் வெளியே கிளம்பமாட்டார். போன தடவை வந்திருந்தபோது இலையில் உட்கார்ந்துகொண்டு, "நாங்கள் கிரியோல், எங்களுக்குச் சோறும் மிளகாயும் இருந்தால் போதும்" என்றார். அம்மா என்னைப் பார்க்கிறார், நான் அம்மாவைப் பார்க்கிறேன். எங்கள் ஊரில் கிரியோல் என்றால் ஆப்பிரிக்கா, மடகாஸ்கர் வழி வந்த, பெரும்பாலும் கத்தோலிக்கரான மக்கள். ஒரு தமிழர் தன்னைக் கிரியோல் என்று சொல்லிக்கொண்டால், எப்போது ஞானஸ்நானம் வாங்கினீர்கள் என்றுதான் கேட்பார்கள். மச்சானுக்கோ அதில் ஒரு நெருடலும் இல்லை.

மொழி என்று வந்தால் கதை வேறு. பெரும்பாலும் பிரெஞ்சுச் சொற்களைக் கொண்ட கிரியோல் மொழி இங்கே எல்லாருக்கும் சொந்தம். எங்கள் வீட்டில் சண்டை, கொஞ்சல், கணக்கு வழக்கு எல்லாம் அதில்தான் நடக்கிறது. தமிழ் சாமிக்கும், பாட்டி வந்தால் பாட்டிக்கும். ஆக நான் பேசுவது கிரியோல், ஆனால் நான் கிரியோல் இல்லை. இதைப் பத்து வயசுப் பிள்ளைக்கு எப்படிச் சொல்வது?

அகராதிகளையும் புரட்டினேன். ஒன்றில் 'அமெரிக்காவில் பிறந்த ஐரோப்பியர்' என்று இருக்கிறது, அதற்கும் எங்கள் தீவுக்கும் என்ன சம்பந்தமோ. இன்னொன்றில் 'கலப்பினத்தவர்'. வகுப்பில் ஒரு பெண்ணுக்கு அம்மா கிரியோல், அப்பா தமிழர். அவளை எதிரே உட்கார வைத்துக்கொண்டு பலகையில் 'கலப்பினம்' என்று எழுத எனக்கு மனசு வரவில்லை. லத்தீன் வேர் என்று எங்கேயோ படித்த ஞாபகம். அந்த வேர் என்ன, அது எப்படி ஊருக்கு ஒரு அர்த்தமாகப் பிரிந்தது, தமிழில் என்ன எழுதலாம்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கலுபிலே974:

வாத்தியாரே, உங்கள் மச்சான் எங்கள் ஊர்ப் பேச்சைத்தான் பேசியிருக்கிறார். ரீயூனியனில் கிரியோல் என்றால் இந்தத் தீவில் பிறந்து வளர்ந்த ஆள். நிறம், கோயில், தேவாலயம் எதுவும் அதில் கணக்கில்லை. அதற்கு எதிர்ச்சொல் 'ஸோரேய்', அதாவது பிரான்ஸிலிருந்து விமானத்தில் வந்து இறங்கியவர். பிரெஞ்சில் 'காதுகள்' என்ற சொல்லிலிருந்து வந்தது. ஏன் காது என்பதற்கு ஆளுக்கு ஒரு கதை சொல்வார்கள். எனக்குப் பிடித்தது, நாங்கள் பேசுவது புரியாமல் காதைக் குவித்துக்கொண்டு "என்ன, என்ன" என்று கேட்பார்களாம்.

கிரியோலுக்குள்ளேதான் மற்ற பிரிவுகள் எல்லாம். தமிழ் வழி வந்தவர்கள் மல்பார், ஆப்பிரிக்க வழி வந்தவர்கள் காஃப், குஜராத்தி முஸ்லிம்கள் ஸராப், மலை மேல் இருக்கிற ஏழை வெள்ளைக்காரர்கள் யாப். நான் மல்பாரும்தான், கிரியோலும்தான், ஒன்று மற்றதைத் தள்ளாது. வயசானவர்களில் சிலர் பல வழி ரத்தம் கலந்தவர்களை மட்டும் கிரியோல் என்று பிரித்துச் சொல்வதுண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் ஸோரேய் ஒருவர் பக்கத்தில் வந்து நின்றால் அவர்களும் உடனே "நாம் கிரியோல்" கட்சிதான்.

ஏன் இப்படி என்று கேட்டால் என் கணக்கு இது. எங்கள் முன்னோர் கரும்புத் தோட்டத்துக்கு வந்தது 1848-ல் அடிமை முறை ஒழிந்த பிறகுதான் பெருமளவில். வந்தவர்களுக்குப் பாதிரியார் ஞானஸ்நானம் கொடுத்தார், பிள்ளைகளுக்குப் பிரெஞ்சுப் பெயர் வந்தது, வீட்டில் மாரியம்மன், ஊரில் மேரியம்மா என்று இரண்டும் ஓடியது. 1889-ல் வந்த பிரெஞ்சுக் குடியுரிமைச் சட்டத்தால் இங்கே பிறந்த கூலிகளின் பிள்ளைகள் பிரெஞ்சுக் குடிமக்கள் ஆனார்கள். 1946-ல் தீவே பிரான்ஸின் ஒரு மாவட்டம் ஆயிற்று. அதற்கப்புறம் அதிகாரி, வாத்தியார், போலீஸ் என்று அங்கிருந்து ஆட்கள் வர வர, வந்தவன் எதிரில் இருந்தவனுக்கு ஒரு பெயர் தேவைப்பட்டது. அந்தப் பெயர்தான் கிரியோல். பிரான்ஸ் இனவாரியாகக் கணக்கு எடுப்பதும் இல்லை, அதனால் எந்தக் கட்டத்தில் டிக் போடுவது என்ற பேச்சே எங்களுக்கு வரவில்லை.

இன்னொன்று. மல்பார் என்ற சொல்லை உங்கள் தீவில் வந்து யாரிடமாவது சொல்லிப்பாருங்கள், அடி விழும். எங்களுக்கு அது தமிழர், உங்களுக்கு அது பீகார் வழி வந்த இந்துக்களைக் குத்திச் சொல்கிற சொல், தமிழருக்கு அங்கே 'மத்ராஸ்' என்று வேறு பெயர். இரண்டு தீவுக்கும் நடுவே இருப்பது சுமார் 200 கிலோமீட்டர் கடல்தான்.

சொல்வேட்டை:

வேரைப் பற்றி நான் சொல்கிறேன், கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

லத்தீனில் 'க்ரெயாரே' என்று ஒரு வினை. உண்டாக்கு, பிறப்பி என்று பொருள். 'வளர்' என்று பொருள்படும் 'க்ரெஸ்கெரே' அதன் உடன்பிறப்பு. (வாத்தியார் ஊர் பேக்கரியில் விற்கும் க்ருவாசான் இந்த இரண்டாவது வினையின் பிள்ளை, அந்தச் சொல்லுக்கு நேர் அர்த்தம் வளர்பிறை. வகுப்பில் சொல்லிப்பாருங்கள், பிள்ளைகள் மறக்கமாட்டார்கள்.) போர்த்துகீசியத்தில் அந்த 'க்ரெயாரே' 'கிரியார்' ஆயிற்று. பொருளும் கொஞ்சம் கீழே இறங்கி வீட்டுக்குள் வந்துவிட்டது: பெற்று வளர்ப்பது, கோழி வளர்ப்பது, மாடு வளர்ப்பது எல்லாம் கிரியார். குழந்தைக்குக் 'கிரியான்சா'. வேலைக்காரனுக்குக் 'கிரியாடோ', அதாவது வீட்டிலேயே வளர்ந்த பையன். கடவுளின் படைப்புக்கும் கொல்லையில் நிற்கிற ஆடு கோழிக்கும் ஒரே சொல். இந்தக் குடும்பத்தில் பிறந்ததுதான் 'கிரியோலு': எஜமான் வீட்டில் பிறந்து வளர்ந்த அடிமை. கப்பலில் வந்து இறங்கியவர் கிரியோலு இல்லை, அவருடைய பிள்ளைதான் கிரியோலு.

ஸ்பானியர் அதைக் 'கிரியோயோ' என்று எடுத்துக்கொண்டார்கள். 1590-ல் அக்கோஸ்டா என்ற சேசு சபைப் பாதிரியார், இந்தியத் தீவுகள் என்று அவர்கள் அழைத்த அமெரிக்காவில் பிறந்த ஸ்பானியரை இப்படிச் சொல்கிறார்கள் என்று எழுதுகிறார். வாத்தியாருடைய அகராதி சொன்ன 'அமெரிக்காவில் பிறந்த ஐரோப்பியர்' இங்கிருந்து வந்ததுதான். ஆனால் எனக்குப் பிடித்த சாட்சி அவரில்லை. பெருவில் இன்கா அரச குலத்துத் தாய்க்கும் ஸ்பானியப் படைத்தலைவனுக்கும் பிறந்த கார்சிலாசோ என்பவர் 1609-ல் எழுதியதில், இது கறுப்பின மக்களே உண்டாக்கிய சொல் என்கிறார். ஆப்பிரிக்காவில் கினியில் பிறந்த முதல் தலைமுறை தங்களைத்தான் மேலாக நினைத்தார்களாம், அந்நிய மண்ணில் பிறந்த பிள்ளைகளைப் பிரித்துச் சொல்ல இந்தச் சொல்லாம், பெற்றவர்களைப் பார்த்துக் கிரியோயோ என்றால் அவர்களுக்குக் கோபம் வருமாம். ஸ்பானியர் அதைப் பார்த்துத் தங்கள் பிள்ளைகளுக்கும் வைத்துக்கொண்டார்களாம். சொல்லின் பிறப்பு பற்றி அவர் சொல்வதை மொழியியலாளர் எல்லாரும் ஒப்புக்கொள்வதில்லை, ஆனால் அந்தக் கோபம் பற்றிய குறிப்பு ஒன்றே போதும், சொல் எப்படி வேலை செய்தது என்று தெரிந்துவிடும்.

அங்கிருந்து அது போகாத ஊரில்லை. தென்னமெரிக்காவில் ஸ்பெயினில் பிறந்தவன் பெரிய பதவியைப் பிடித்துக்கொள்ள, அங்கேயே பிறந்த வெள்ளைக்காரன் பொருமிக்கொண்டிருந்தான். அந்தப் பொருமல்தான் பின்னால் விடுதலைப் போரானது, அந்தப் போரின் தலைவர் பொலிவார் ஒரு கிரியோயோ. பிரேசிலில் எதிர்த்திசை: பிரேசிலிலேயே பிறந்த கறுப்பின அடிமை கிரியோலு, இன்றைக்கு அது அங்கே ஒருவரை நோக்கிச் சொன்னால் வசவு. கேப் வெர்டேவில் நாட்டு மக்களே கிரியோலு, மொழியும் அதுவே, பெருமையோடு சொல்வார்கள். சூரினாமில் கிரியோல் என்றால் ஆப்பிரிக்க வழி வந்தவர், இந்திய வழி வந்த இந்துஸ்தானியர் அதில் சேர்த்தி இல்லை. டிரினிடாடிலும் வெறும் கிரியோல் என்றால் ஆப்பிரிக்க வழி வந்தவர்தான், ஆனால் முன்னால் 'பிரெஞ்சு' சேர்த்துவிட்டால் அது பழைய வெள்ளைக்காரப் பணக்காரக் குடும்பம்! நெப்போலியன் மனைவி ஜோசஃபின் மார்த்தினிக் தீவில் பிறந்த வெள்ளைக்காரி, அவரையும் கிரியோல் என்றுதான் சொன்னார்கள். எல்லாவற்றையும்விட வேடிக்கை அலாஸ்கா. அது ரஷ்யர் கையில் இருந்த காலத்தில், ரஷ்யத் தகப்பனுக்கும் பூர்வகுடித் தாய்க்கும் பிறந்தவர்களுக்குக் 'கிரியோல்' என்று பெயர், அலாஸ்காவை நடத்திய ரஷ்யக் கம்பெனியின் 1821 பட்டயத்தில் அவர்களைத் தனி வகுப்பாகவே எழுதி வைத்தார்கள்.

மேலோட்டமாகப் பார்த்தால் தாறுமாறாகத்தான் தெரியும். ஆனால் எல்லாவற்றிலும் ஓடுகிற சரடு ஒன்றுதான்: வெளியிலிருந்து வந்த வம்சம், ஆனால் இங்கே பிறந்தது. 'வெளியிலிருந்து வந்தவன்' என்று எதிரில் யார் நிற்கிறார்கள் என்பதைப் பொறுத்து அர்த்தம் மாறுகிறது. கலப்பு என்ற பொருள் மூலச்சொல்லில் கிடையாது, அலாஸ்கா மாதிரி சில இடங்களில் பின்னால் ஏறியது. அதனால் 'கலப்பினம்' போடாதீர்கள், அது தப்பும்கூட.

என் யோசனை: தமிழில் இதற்கு நல்ல சொல் ஏற்கெனவே இருக்கிறது, 'நாட்டு'. கொலம்பியாவில் குட்டையான மஞ்சள் உருளைக்கிழங்குக்குப் 'பாப்பா கிரியோயா', பல ஸ்பானிய நாடுகளில் 'கய்னா கிரியோயா' என்றால் அச்சு அசல் நம் நாட்டுக்கோழி. நாட்டு, சீமை என்று நாம் பிரிப்பது மாதிரிதான் அவர்கள் பிரிப்பதும். நாட்டு மக்கள், நாட்டு மொழி என்று எழுதிவிடலாமே.

போர்லூயி பக்கம்:

சொல்வேட்டை ஐயா, வரலாறு பிரமாதம், ஆனால் அந்தக் கடைசி யோசனையை மொரீஷியஸில் அச்சடித்துப் பாருங்கள், வாத்தியார் வகுப்பை மூட வேண்டியதுதான். கிரியோல் 'நாட்டு மக்கள்' என்றால் மிச்சம் இருக்கிற நாங்கள் யார், சீமையா? ஒப்பந்தக் கூலிகள் வர ஆரம்பித்தது 1834. அதற்கும் நூறு வருஷம் முன்னால் பிரெஞ்சு ஆளுநர் லபூர்தொன்னே காலத்திலேயே புதுச்சேரித் தமிழர் இங்கே வந்து கல் சுமந்தவர்கள். அவர்கள் பேரப்பிள்ளைகளை வெளியிலிருந்து வந்தவர்கள் என்று நாமே தமிழில் எழுதிக் கொடுக்கலாமா?

எங்கள் ஊரில் இந்தச் சொல் சுருங்கிப்போனதற்குக் காரணம் பிரெஞ்சு இல்லை, இங்கிலீஷ்காரன் கணக்குப் புத்தகம். பழைய அடிமைப் பதிவேடுகளில் மொசாம்பிக், மலகாசி (மடகாஸ்கர்காரர்), இந்தியர் என்று வந்த இடத்தை எழுதி, தீவில் பிறந்தவர்களுக்குக் கிரியோல் என்று போட்டார்கள். அதாவது சொல்வேட்டை சொன்ன போர்த்துகீசிய அர்த்தமேதான். அப்போது அடிமைகளில் தமிழரும் இருந்தார்கள், அவர்களுக்கு இங்கே பிறந்த பிள்ளையும் அந்தக் கணக்கில் கிரியோல்தான். 1810-ல் பிரிட்டிஷார் வந்தார்கள், 1835-ல் அடிமை முறை போனது, இந்தியாவிலிருந்து கப்பல் கப்பலாக ஆள் இறக்கினார்கள். உடனே மக்கள்தொகைக் கணக்கில் இந்தியர் தனி, மற்றவர் 'பொது மக்கள்' தனி என்று கோடு கிழித்தாயிற்று. அதற்கப்புறம் இங்கே பிறந்தாலும் இந்தியன் இந்தியன்தான். கிரியோல் என்பது கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றுவிட்டது.

1968 அரசியல் சட்டத்தைப் பாருங்கள். இந்து, முஸ்லிம், சீன மொரீஷியர் என்று மூன்று பிரிவைச் சொல்லிவிட்டு, வாழ்க்கை முறையைப் பார்த்தால் இந்த மூன்றிலும் சேராதவர் எல்லாரும் பொது மக்கள் என்று எழுதியிருக்கிறது. கிரியோல் என்ற சொல்லே கிடையாது. கரும்புத் தோட்ட முதலாளியான வெள்ளைக்காரரும், அந்தத் தோட்டத்தில் அடிமையாக இருந்தவரின் பேத்தியும் ஒரே கட்டத்தில். தமிழருக்கும் தனிக் கட்டம் இல்லை, இந்து கட்டத்துக்குள்தான், அது வேறு புகைச்சல். இனவாரிக் கேள்வி கடைசியாகக் கேட்கப்பட்டது 1972 கணக்கெடுப்பில். தேர்தலில் பிரிவுகளுக்குள் சமநிலை வரக் கொடுக்கிற 8 கூடுதல் நாடாளுமன்ற இடங்களுக்கு அந்தப் பழைய கணக்கைத்தான் அடிப்படையாக வைத்தார்கள்.

கட்டத்தில் பெயர் இல்லாதவர்கள் அந்தப் பெயரையே பிடித்துக்கொண்டார்கள் என்பதுதான் அடுத்த கதை. 1993-ல் ரொஜே செர்வோ என்ற கத்தோலிக்கப் பாதிரியார் 'கிரியோல் மக்களின் மனக்குறை' என்று வெளிப்படையாகப் பேசிய பிறகு, அதுவரை கொஞ்சம் கூச்சத்தோடு சொன்ன சொல்லைத் தலை நிமிர்ந்து சொல்ல ஆரம்பித்தார்கள். ஆகவே வாத்தியாரே, அவர்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயரை நாம் மொழிபெயர்க்க வேண்டாம். கிரியோல் என்றே எழுதுங்கள். தமிழரைத் தமிழர் என்றுதானே அவர்களும் எழுதுகிறார்கள்.

டர்பன் தம்பி:

தென்னாப்பிரிக்காவிலிருந்து சின்னதாக ஒன்று. எங்கள் பக்கம் கிரியோல் என்ற சொல்லை யாரும் புழங்குவதில்லை, அந்த இடத்தில் இன்னொரு லத்தீன் பிள்ளை உட்கார்ந்திருக்கிறது: 'கலர்ட்'. நிறம் என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. 1950 மக்கள் பதிவுச் சட்டம் ஆளை வெள்ளையர், பூர்வகுடி, கலர்ட் என்று பிரித்தது. முதலில் இந்தியருக்குத் தனிப் பிரிவே கிடையாது, கலர்டுக்குள் ஒரு உட்பிரிவு. மொரீஷியஸிலிருந்து வந்து டர்பனில் குடியேறிய கிரியோல் குடும்பங்களும் அதே கலர்ட் கட்டத்தில் போய் விழுந்தார்கள். ஒரே கப்பலில் வந்து, ஒரே பாஷை பேசி, இங்கே வந்ததும் சட்டப்படி வேறு பெயர்.

974 அண்ணாவுக்கு ஒரு எச்சரிக்கை. நீங்கள் 'காஃப்' என்று சர்வ சாதாரணமாக எழுதியிருக்கிறீர்கள், உங்கள் ஊரில் அது பெருநாள் பெயராகக்கூட இருக்கிறது என்று தெரியும். அதே வேரில் வந்த சொல்லை எங்கள் நாட்டில் ஒருவரைப் பார்த்துச் சொன்னால் கோர்ட்டில்தான் நிற்க வேண்டும். இங்கே வரும்போது நாக்கைக் கட்டிக்கொண்டு வாருங்கள்.

கலுபிலே974:

தம்பி, நல்லவேளை சொன்னாய். ஆமாம், இங்கே டிசம்பர் 20, அடிமை ஒழிப்பு நாள், 'ஃபெத் காஃப்' என்றே கொண்டாடுகிறோம். வசவை வாங்கிப் பெருமையாக மாற்றிக்கொண்டார்கள்.

சொல்வேட்டை ஐயாவின் 'நாட்டு' எங்களுக்கு ரொம்பப் பொருந்தும், ஆனால் அதற்கு நாங்கள் கிரியோல் என்று சொல்வதில்லை, 'பேயி' என்போம், ஊர், நாடு என்ற பிரெஞ்சுச் சொல்தான், அதுவும் லத்தீன் வழி. வெள்ளிக்கிழமை சேன்போல் சந்தைக்கு வாருங்கள். பலகையில் சாக்பீஸால் 'ஆய் பேயி' என்று எழுதி, சுண்டுவிரல் நகம் அளவுப் பல்லோடு நாட்டுப் பூண்டு கட்டுக் கட்டாகத் தொங்கும். பக்கத்துக் கூடையில் வெளிநாட்டுப் பூண்டு, பல் பெருசு, விலை பாதிகூட இருக்காது, ஆனாலும் நாட்டுப் பூண்டு முன்னால்தான் கூட்டம். பூலே பேயி என்றால் நாட்டுக்கோழி. அதில் வைக்கிற குழம்புக்குக் 'காரி', தாளிக்கிற இலைக்குக் 'கலுபிலே', உங்கள் கருவேப்பிலைதான், என் பெயரும் அதுதான்.

புதுவைக்காரன்:

புதுச்சேரியிலும் இந்தச் சொல் உண்டு என்பதை யாரும் சொல்லவில்லையே. இங்கே கிரியோல் என்றால் ஐரோப்பியரும் உள்ளூர்க்காரரும் கலந்த குடும்பங்கள். பிரெஞ்சு பேசுவார்கள், ஞாயிற்றுக்கிழமை பூசைக்குத் தொப்பி போட்டுக்கொண்டு போவார்கள். தமிழில் நாங்கள் சட்டைக்காரர் என்போம், அந்தப் பெயரில் ஒரு கேலியும் இருக்கும். அதனால் 'கலப்பு' என்ற அர்த்தம் எங்கேயோ அலாஸ்காவில்தான் என்று இல்லை, நம் கடற்கரையிலேயே இருக்கிறது. மட்டக்களப்புப் பறங்கியர் பேசுகிற போர்த்துகீசியத்தையும் மொழியியலில் கிரியோல் என்றுதான் வைக்கிறார்கள். அப்படியானால் 'கலப்பு மொழி' என்பது சரிதானே? இதில் என்ன அவமானம்?

சொல்வேட்டை:

புதுவைக்காரரே, மக்களைப் பற்றிச் சொன்னது சரி, சேர்த்துக்கொள்கிறேன். மொழி விஷயத்தில் ஒத்துக்கொள்ளமாட்டேன். கலக்காத மொழி எது? நீங்கள் சாவியைப் போட்டு ஜன்னலைப் பூட்டி, மேஜைமேல் பேனாவை வைக்கிறீர்கள். அதற்காகத் தமிழைக் கலப்பு மொழி என்று பாடப் புத்தகத்தில் எழுதுவோமா?

பழைய விளக்கம் இது: பாஷை தெரியாத இரண்டு கூட்டம் வேலைக்காகச் சேர்ந்து ஒப்பேற்றுவது பிட்ஜின், அது ஒரு தலைமுறைக்குத் தாய்மொழியானால் கிரியோல். டர்பன் தம்பி ஊரில் 'ஃபனகலோ' முதல் வகை, சுரங்கத்திலும் தோட்டத்திலும் வேலை வாங்கப் பயன்பட்டது, எந்தக் குழந்தையும் அதில் தாலாட்டுக் கேட்டு வளரவில்லை. இந்த விளக்கத்தையே இன்றைக்கு முஃப்வேனே, டெக்ராஃப் போன்ற மொழியியலாளர்கள் ஏற்பதில்லை. கிரியோல்களும் மற்ற மொழிகள் மாதிரியே வளர்ந்தவைதான், அடிமைகள் பேசியது என்பதால் தனிக் கொட்டகையில் கட்டிவிட்டார்கள் என்பது அவர்கள் வாதம். டெக்ராஃப் ஹெய்ட்டிக்காரர், அவர் தாய்மொழியே ஒரு கிரியோல்.

இலக்கணம் இல்லாத உடைந்த பிரெஞ்சு என்று யாராவது சொன்னால் வாத்தியார் வீட்டுப் பேச்சையே காட்டலாம். 'மோ பெ மான்ஸே', சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். 'மோ தி மான்ஸே', சாப்பிட்டேன். 'மோ பு மான்ஸே', சாப்பிடப்போகிறேன். வினை அசையாமல் நிற்கிறது, காலம் முன்னால் ஒரு அசையில் வருகிறது. என்ன சாப்பிடுகிறோம் என்று சேர்த்தால் மட்டும் வினையின் வால் அறுந்துவிடும்: 'மோ பெ மான்ஸ் திரி', சோறு சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். 'மோ பெ மான்ஸே திரி' என்று சொன்னால் மூணு வயசுக் குழந்தைகூடத் திருத்தும். பிரெஞ்சில் இப்படி ஒரு விதியே கிடையாது.

'நாட்டு' யோசனையை வாபஸ் வாங்குகிறேன், சீமை என்ற ஒரே கேள்வியில் போர்லூயிக்காரர் மடக்கிவிட்டார்.

ரோஸ்ஹில் வாத்தியார்:

எல்லாருக்கும் நன்றி. மச்சானுக்கு இதை அப்படியே அனுப்பினேன், "நான் சொன்னால் நம்பமாட்டீர்கள், ஊரார் சொன்னால்தான் நம்புவீர்கள்" என்று பதில் வந்தது. பாடத்தில் இப்படி எழுதலாம் என்று நினைக்கிறேன், பிழை இருந்தால் சொல்லுங்கள்:

"ஆப்பிரிக்காவிலிருந்தும் மடகாஸ்கரிலிருந்தும் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட மக்களின் வழி வந்தவர்கள் நம் நாட்டில் தங்களைக் கிரியோல் என்று அழைக்கிறார்கள். இந்த மண்ணில் பிறந்து வளர்ந்தவர் என்பது அந்தச் சொல்லின் பழைய பொருள். ரீயூனியன் தீவில் தமிழ் வழி வந்தவர்களும் தங்களைக் கிரியோல் என்பார்கள். நாம் எல்லாரும் பேசும் மொழிக்கும் கிரியோல் என்றே பெயர்."

பத்து வயசுக்கு இது போதுமா, அதிகமா?

போர்லூயி பக்கம்:

போதும். மொழி வரிக்குப் பக்கத்தில் இரண்டு விஷயம் சேருங்கள்: 2011-ல் அதற்கு அரசு ஏற்ற எழுத்துமுறை வந்தது, 2012 ஜனவரியிலிருந்து ஆரம்பப் பள்ளியில் விருப்பப் பாடமாக இருக்கிறது. ஆனால் சேர்த்தால் ஒரு கேள்வி நிச்சயம் வரும். பள்ளியில் தமிழ், இந்தி, உருது, கிரியோல் இவற்றில் ஒன்றைத்தான் எடுக்கலாம். தமிழ் எடுத்த பிள்ளைக்கு, வீட்டில் காலையிலிருந்து ராத்திரி வரை பேசுகிற மொழியை எழுதிப் படிக்க வழியில்லை. உங்கள் வகுப்பில் இருக்கிற அந்தப் பெண்ணுக்கு, அம்மா பக்கம் ஒன்று, அப்பா பக்கம் ஒன்று, எதையாவது விட்டாக வேண்டும். ஏன் இரண்டையும் எடுக்கக்கூடாது என்று அவள்தான் முதலில் கையைத் தூக்குவாள். அதற்கு ஒரு பதில் யோசித்து வைத்துக்கொண்டு வகுப்புக்குப் போங்கள்.